தாழ்த்திய காருக்கு வீல் ஸ்பேசர்: மில்லிமீட்டரைக் கடைசியில் முடிவு செய்யுங்கள்

லோயரிங் ஸ்பிரிங் போட்டுக் காரைத் தாழ்த்தியதும், சக்கரங்கள் உள்ளே போய்விட்டதுபோல் ஒரு தோற்றம் வரும். டயருக்கு மேலே இருந்த இடைவெளி மறைந்துவிடுவதால், ஃபெண்டரிலிருந்து டயர் எவ்வளவு உள்ளே நிற்கிறது என்பது பளிச்சென்று தெரிகிறது. உடனே எழும் கேள்வி: "15 மி.மீ. ஸ்பேசர் போடலாமா, 20 போடலாமா?"

இந்தக் கேள்வி கடைசியில் வர வேண்டியது. ஸ்பேசர் ஹப்பில் (வீலை மாட்டும் மையப் பாகம்) சரியாக உட்காருகிறதா, போல்ட் போதுமான அளவு மரையில் ஏறுகிறதா, சஸ்பென்ஷன் முழுக்க அமுங்கும்போது ஆர்ச்சுக்குள் (டயருக்கு மேலே வளைந்திருக்கும் ஃபெண்டர் குழி) டயருக்கு இடம் இருக்கிறதா என்ற மூன்றுக்கும் பதில் தெரிந்தால் அளவு தானாகக் கிடைத்துவிடும். உதாரணத்துக்கு, இந்தியாவில் 2010 முதல் 2022 வரை விற்ற ஃபோக்ஸ்வேகன் போலோவை எடுத்துக்கொள்வோம். தாழ்த்தி ஓட்டுபவர்கள் அதிகம் உள்ள கார் அது. முன்னும் பின்னும் இரு வேறு வகை சஸ்பென்ஷன் என்பதால் விளக்கவும் வசதி.

ஸ்பேசரும் ஆஃப்செட்டும்

ஸ்பேசர் என்பது ஹப்புக்கும் வீலுக்கும் நடுவே வைக்கும் அலுமினிய வட்டு. 10 மி.மீ. தடிமன் என்றால் அந்தச் சக்கரம் சரியாக 10 மி.மீ. வெளியே வரும். இரண்டு பக்கமும் போட்டால் அந்த அச்சின் அகலம் 20 மி.மீ. கூடும். ஆர்டர் போடும்போது பலர் ஏமாறுவது இங்கேதான். ஜெர்மன் நிறுவனமான எச்&ஆர், தன் பாக எண்ணின் முதல் இரண்டு இலக்கங்களில் அச்சு முழுவதற்குமான அகலத்தைத் தருகிறது. 30 என்று தொடங்கினால் ஒரு பக்கத்துக்கு 15 மி.மீ. வேறு சில நிறுவனங்கள் ஒற்றை ஸ்பேசரின் தடிமனையே சொல்கின்றன. "20 கிட்" என்று யாராவது சொன்னால், பக்கத்துக்கா ஜோடிக்கா என்று கேட்டுவிட்டுப் பணம் கொடுங்கள்.

வீலின் பின்பக்கம் '6ஜே ஈடி40' என்பதுபோல் பொறித்திருக்கும். 6 என்பது அங்குலத்தில் ரிம் அகலம். ஈடி என்பது ஆஃப்செட்: ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து, வீல் ஹப்பில் பதியும் முகம் எத்தனை மி.மீ. வெளிப்பக்கம் இருக்கிறது என்ற கணக்கு. இந்த எண் குறையக் குறைய வீல் வெளியே வரும். ஈடி40 வீலுக்கு 10 மி.மீ. ஸ்பேசர் போட்டால் அது ஈடி30 வீல் நிற்கும் இடத்தில் நிற்கும்.

அலாய் வீலையும் மாற்றியிருந்தால் கணக்கு ஒரு படி கூடும். ரிம் அகலத்தை மி.மீ.க்கு மாற்றிப் பாதியாக்குங்கள். அதிலிருந்து ஈடியைக் கழித்தால் வெளிப்பக்கத் தூரம், ஈடியைக் கூட்டினால் உள்பக்கத் தூரம். 6ஜே ஈடி40 வீலுக்குப் பாதி அகலம் 76.2, வெளியே 36.2, உள்ளே 116.2. 7ஜே ஈடி46 வீலுக்குப் பாதி அகலம் 88.9, வெளியே 42.9, உள்ளே 134.9. அதாவது ஸ்பேசர் போடாமலேயே புது வீல் 6.7 மி.மீ. வெளியே வந்துவிட்டது, உள்ளே 18.7 மி.மீ. ஷாக் அப்சார்பர் பக்கம் நெருங்கிவிட்டது. இதன்மேல் 10 மி.மீ. ஸ்பேசர் வைத்தால் பழைய வீலோடு ஒப்பிட வெளியே 16.7 மி.மீ. "பத்துதானே போட்டேன், ஏன் உரசுகிறது?" என்பவர்களில் பலர் அந்த 6.7-ஐ மறந்தவர்கள்.

உள்பக்க நெருக்கம்தான் ஸ்பேசருக்கு உண்மையான தேவை உருவாகும் இடம். காயில்ஓவர் (உயரத்தை மாற்றக்கூடிய ஸ்பிரிங்-ஷாக் தொகுப்பு) போட்ட காரில் ஸ்பிரிங் தாங்கும் தட்டு கீழே இறங்கி, டயரின் உள்பக்கச் சுவருக்கு நேராக வந்துவிடும். அங்கே 5 மி.மீ. இடைவெளியாவது வேண்டும். இல்லையென்றால் 3 அல்லது 5 மி.மீ. ஸ்பேசர் அவசியமே. தோற்றத்துக்காகப் போடும் எல்லா ஸ்பேசரும் அதற்கு அடுத்ததுதான்.

தாழ்த்தும்போது ஆர்ச்சுக்குள் நடப்பது

போலோவின் முன்பக்கம் மெக்பர்சன் ஸ்ட்ரட்: ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒரே தூணாக நிற்கும் அமைப்பு. தாழ்த்தும்போது நெகட்டிவ் கேம்பர் (சக்கரத்தின் உட்சாய்வு) சற்றுக் கூடி, டயரின் தலை உள்ளே சாயும். 195/55 ஆர்16 டயரின் ஆரம் சுமார் 310 மி.மீ. என்பதால், ஒரு டிகிரி சாய்ந்தால் மேல்பகுதி 5 மி.மீ.க்குச் சற்று மேலாக உள்ளே போகும். முன்னால் 5 மி.மீ. ஸ்பேசர் போடுவது சில நேரங்களில் இந்த இழப்பை ஈடுகட்டுவது மட்டும்தான். ரொம்பத் தாழ்த்திவிட்டால் இன்னொரு சிக்கல்: சக்கரத்தைக் கீழிருந்து பிடிக்கும் கீழ்க்கை கிடைமட்டத்தைத் தாண்டி, வெளிமுனை மேல்நோக்கி நிற்கும். அந்த நிலையிலிருந்து மேலும் அமுங்கும்போது டயர் உள்ளே சாய்வது படிப்படியாக நின்றுபோகும். பள்ளத்தில் டயர் தானாக உள்ளே ஒதுங்கிக்கொள்ளும் என்ற நம்பிக்கை அங்கே செல்லாது.

பின்பக்கம் ட்விஸ்ட் பீம். இரண்டு சக்கரமும் ஒரே உத்தரத்தில் இருப்பதால் தாழ்த்தினாலும் கேம்பர் ஏறக்குறைய மாறாது. டயர் நேராக மேலே போகும். ஆர்ச் விளிம்பு குறுக்கே இருந்தால் நேராக அதில் அடிக்கும். பார்வைக்குப் பின்சக்கரம்தான் அதிகம் உள்ளே இருப்பதுபோல் தெரிவதால் தடித்த ஸ்பேசரை அங்கேதான் போடுகிறார்கள். பின்சீட்டில் மூன்று பேரும் டிக்கியில் பெட்டிகளும் ஏறியதும், பாலத்தின் ஜாயின்ட்டில் "டொக்" என்று சத்தம் வருவதும் அங்கேதான்.

ஸ்பிரிங்கை அறுத்துத் தாழ்த்திய காருக்கு ஸ்பேசர் யோசனையே வேண்டாம். அறுத்த ஸ்பிரிங் இரு பக்கமும் ஒரே உயரத்தில் நிற்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. சஸ்பென்ஷன் அமுங்குவதை முடிவில் தடுக்கும் பம்ப் ஸ்டாப்பில் மோதிக்கொண்டே ஓடும். அளந்து எடுத்த எண்ணுக்கு அங்கே அர்த்தமே இருக்காது.

அளப்பது

முதலில் தாழ்த்துங்கள். புது ஸ்பிரிங் சில நூறு கி.மீ. ஓடியபின் கொஞ்சம் இறங்கி அமரும். அதன்பின் வீல் அலைன்மென்ட். அதற்கப்புறம்தான் அளவு எடுக்க வேண்டும். ஜாக்கியிலிருந்து இறக்கிய உடனே அளந்தால் சஸ்பென்ஷன் விறைத்து நிற்கும்; காரை முன்னும் பின்னும் சில அடி உருட்டிவிட்டுச் சமதரையில் நிறுத்துங்கள்.

வலுவான நூலில் ஒரு நட்டைக் கட்டி, ஹப்பின் மையத்துக்கு நேர் மேலே ஃபெண்டரில் மாஸ்க்கிங் டேப்பால் ஒட்டித் தொங்கவிடுங்கள். நூல் ஃபெண்டரின் வெளி விளிம்பை ஒட்டி இறங்கும். டயரின் மேல்தோளுக்கும் நூலுக்கும் உள்ள தூரம் 24 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். பெரும்பாலோர் இங்கே நிறுத்திவிட்டு, "24 இருக்கிறது, 20 போடலாம்" என்கிறார்கள். நிற்கும் காருக்கு அது சரி. ஆனால் ஆர்ச் விளிம்பின் உள்ளே கைவிட்டுத் தடவினால் தகடு உள்நோக்கி மடிந்திருப்பது தெரியும். அந்த மடிப்பு 12 மி.மீ. அகலம் என்றால், சஸ்பென்ஷன் அமுங்கும்போது டயர் நுழைந்து போக வேண்டியது அந்த மடிப்புக்கும் உள்ளே. திருப்பத்தில் டயர் பிதுங்குவதற்கும் சஸ்பென்ஷனின் ரப்பர் புஷ் நெகிழ்வதற்கும் இன்னொரு 5 மி.மீ. விட வேண்டும். 24-இல் 12 போய், 5 போய், மிச்சம் 7. கடையில் கிடைப்பது 5. அந்தக் காருக்கான நேர்மையான விடை அதுதான்.

மடிப்பை உருட்டித் தட்டையாக்கினால் சில மி.மீ. கூடுதலாகக் கிடைக்கும். ஹப்பில் பொருத்தும் ரோலர் கருவியும் ஹாட் ஏர் கன்னும் வேண்டும். பெயின்ட்டைச் சூடாக்காமல் உருட்டினால் விரிசல் விட்டு, அடுத்த மழைக்காலத்தில் அங்கே துரு தொடங்கும். பம்பரும் ஃபெண்டரும் சேரும் இடத்தில் ஆர்ச்சுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் ஸ்க்ரூவையும் பாருங்கள். டயரைக் கீறுவது பல நேரங்களில் தகடு அல்ல, அந்த ஸ்க்ரூ முனைதான்.

போட்ட பிறகு சோதிக்க, டயர் தோளில் சாக்பீஸால் தடித்த கோடு போட்டு, ஆட்களை ஏற்றி, மெதுவாக ஒரு ஸ்பீட் பிரேக்கரைச் சாய்வாகக் கடந்து, முன்சக்கரங்களை இருபக்கமும் முழுக்க ஒடித்துப் பாருங்கள். கோடு அழிந்திருக்கும் இடம் உரசும் இடம். ஃபுல் லாக்கில் பிளாஸ்டிக் லைனரில் லேசாகப் படுவதைச் சரிசெய்துவிடலாம். தகட்டில் படுவதை அப்படி விட முடியாது. ஸ்பேசரைக் குறைக்க வேண்டும்.

தொடக்கப் புள்ளியாக, முன்னால் 5 முதல் 8, பின்னால் அதைவிட 5 மி.மீ. வரை கூடுதல் என்று யோசியுங்கள். முன்னால் அடக்கி வாசிக்கக் காரணம் ஸ்டியரிங். ஸ்டியரிங் திரும்பும் அச்சுக்கோடு தரையைத் தொடும் புள்ளிக்கும் டயர் பதியும் தடத்தின் மையத்துக்கும் உள்ள தூரம் ஸ்க்ரப் ரேடியஸ். பல முன்சக்கர இயக்கக் கார்களில், ஒரு பக்க பிரேக் மட்டும் பிடித்தாலும் கார் இழுத்துக்கொண்டு போகாதபடி இதை நெகட்டிவாக வைத்து வடிவமைக்கிறார்கள். ஸ்பேசரின் தடிமன் ஏறக்குறைய அப்படியே அந்தக் கணக்கில் போய்ச் சேரும். 20 மி.மீ. போட்ட காரில் ஒரு பக்கம் மண்ணும் மறுபக்கம் தாருமாக இருக்கும் இடத்தில் பிரேக் அழுத்தினால், ஸ்டியரிங் கையைப் பிடித்து இழுப்பது இதனால்தான். வீல் பேரிங்கும் கூடுதல் நெம்புகோல் விசையைத் தாங்க வேண்டிவரும். 5 மி.மீ.க்கு அது பெரிதாகத் தெரியாது; 20, 25 என்று போனால் பேரிங்கின் ஆயுள் குறையும்.

ஹப்பில் உட்காருவது

போலோவின் பிசிடி (போல்ட் துளைகளின் எண்ணிக்கை × அவை அமைந்த வட்டத்தின் விட்டம்) 5×100, நடுத்துளை 57.1 மி.மீ. ஸ்பேசரின் நடுத்துளையும் 57.1 இருக்க வேண்டும். ஹப்பின் நடுவே நீட்டிக்கொண்டிருக்கும் உதட்டில் கையால் தள்ளினால் வழுக்கிப் போய் உட்கார வேண்டும். ஆடவும் கூடாது, சுத்தியால் தட்டி ஏற்றவும் கூடாது. பல கார்களுக்குப் பொருந்தும் என்று நீள்வட்டத் துளைகளோடு வரும் பொது ஸ்பேசர்கள் விலை குறைவுதான். மையத்தைப் பிடிக்க அவற்றில் எதுவும் இல்லை. பதியும் பரப்பும் குறைவு. வாங்காதீர்கள்.

3, 5 மி.மீ. ஸ்பேசர்களுக்குத் தனி உதடு கிடையாது. ஹப்பின் உதட்டில் மிச்சமிருக்கும் பகுதிதான் வீலை மையப்படுத்த வேண்டும். வீலின் நடுத்துளை வாய் பெரும்பாலும் சரிவாகச் சீவப்பட்டிருக்கும். மிச்ச உதடு அந்தச் சரிவுக்குள்ளேயே முடிந்துவிட்டால் அது எதையும் பிடிக்காது. 15 மி.மீ. போலத் தடித்தவற்றில் ஸ்பேசருக்கே புது உதடு கடைந்திருக்கும். நடுவில் உள்ள 8, 10 மி.மீ. சங்கடமானவை: ஹப் உதட்டைப் பெருமளவு விழுங்கிவிடும், புது உதடு கடையவும் பெரும்பாலும் இடம் இருக்காது. உங்கள் ஹப் உதட்டின் உயரத்தை வெர்னியரால் அளந்து பார்த்தபின் இந்த அளவுகளை வாங்குங்கள். வெளிச்சந்தை அலாய் வீலின் துளை 73.1 போலப் பெரிதாக இருந்தால், அந்த இடைவெளியை நிரப்பும் ஹப் ரிங்கும் வேண்டும். ஸ்பேசர் வைத்தபின் அந்த ரிங் எதன்மேல் உட்காரும் என்பதையும் பாருங்கள்.

பதியும் முகத்தில் மூன்று இடங்களைக் கவனிக்க வேண்டும். போலோவின் டிஸ்க்கை ஹப்போடு பிடிக்கும் சின்ன ஸ்க்ரூவின் தலை, டிஸ்க் முகத்தோடு சமமாக இருக்க வேண்டும், அல்லது ஸ்பேசரில் அதற்கு நேராகத் துளை இருக்க வேண்டும். ஸ்டட் (ஹப்பிலேயே நிற்கும் மரைத்தண்டு) உள்ள கார்களில், தொழிற்சாலையில் டிரம்மைப் பிடிக்க மாட்டிய மெல்லிய தகடு வளையம் ஸ்டட்டில் கிடந்தால் கழற்றிவிடுங்கள். மூன்றாவது துரு. ஹப் முகத்தைக் கம்பி பிரஷ்ஷால் உலோகம் தெரியும்வரை தேய்க்க வேண்டும். ஸ்பேசரின் ஓரத்தில் 0.1 மி.மீ. மேடு இருந்தால் ரிம் விளிம்பில் அது ஏறக்குறைய மூன்று மடங்கு ஆட்டமாகத் தெரியும். 80 கி.மீ. வேகத்துக்கு மேல் ஸ்டியரிங் நடுங்கி, பேலன்ஸிங் எத்தனை தடவை செய்தாலும் தீராத கார்களில் முதலில் பார்க்க வேண்டியது இந்த முகத்தைத்தான். புது ஸ்பேசரை வெர்னியரால் நான்கு இடங்களில் அளந்தாலே மட்டமான சரக்கு பிடிபட்டுவிடும்.

இரண்டு ஸ்பேசர்களை அடுக்குவது எந்தச் சூழ்நிலையிலும் கூடாது. 5-ம் 10-ம் சேர்த்தால் 15 அல்ல. மையம் பிடிக்காத இரண்டு வட்டுகள், அவ்வளவுதான்.

போல்ட்

உயிர் தொங்குவது இதில். போலோவுக்கு எம்14×1.5 போல்ட்: விட்டம் 14 மி.மீ., மரை இடைவெளி 1.5 மி.மீ. ஸ்பேசர் எவ்வளவு தடிமனோ அவ்வளவு நீளம் போல்ட்டும் கூட வேண்டும். 27 மி.மீ. போல்ட்டோடு 15 மி.மீ. ஸ்பேசர் என்றால் 42-க்கு மிக அருகில் கிடைப்பது. நீளம் என்பது தலைக்கும், வீலில் பதியும் இருக்கைக்கும் கீழே உள்ள தண்டின் நீளம் மட்டும். கையால் திருகும்போது சுற்றுகளை எண்ணுங்கள்: எம்14×1.5-க்கு குறைந்தது ஏழரைச் சுற்று, எம்12×1.5-க்கு ஆறரை, எம்12×1.25-க்கு எட்டு. அதற்கு முன்னாலேயே இறுகினால் போல்ட் குட்டை.

நீளம் கூடினாலும் ஆபத்துதான். இந்தியப் போலோவின் பின்னால் டிரம் பிரேக். போல்ட் முனை ஹப்பைத் தாண்டி உள்ளே நீட்டினால் பிரேக் பாகங்களில் இடிக்கும். வீலை மாட்டி போல்ட்டை இறுக்கியபின், கார் ஜாக்கி ஸ்டாண்டில் இருக்கும்போதே, ஹேண்ட் பிரேக்கை விட்டுவிட்டுக் கையால் ஒரு முழுச் சுற்று சுற்றிப் பாருங்கள். "கிர்" என்ற சத்தமோ பிடிப்போ இருந்தால் ஓட்டாதீர்கள்.

போல்ட்டின் இருக்கை வடிவமும் முக்கியம். ஃபோக்ஸ்வேகனின் சொந்த வீல்களுக்கு 13 மி.மீ. ஆரமுள்ள பால் சீட் (உருண்டை வடிவம்). வெளிச்சந்தை அலாய்களுக்குப் பெரும்பாலும் 60 டிகிரி கோன் சீட் (கூம்பு வடிவம்). மாற்றிப் போட்டால் இறுகியதுபோல் தோன்றும். ஆனால் மெல்லிய ஒரு வளையத்தில் மட்டும் தொட்டுக்கொண்டிருந்து, ஓட ஓடத் தளரும்.

ஸ்விஃப்ட், ஐ20, சிட்டி போன்றவற்றில் போல்ட்டுக்குப் பதில் ஸ்டட்டும் நட்டும். அங்கே ஸ்பேசர் ஸ்டட்டின் நீளத்தைத் தின்னும். 5 மி.மீ.க்கு மேல் என்றால் நீள ஸ்டட்டை ஹப்பில் பிரஸ் செய்து ஏற்ற வேண்டும், அல்லது தனக்கே ஸ்டட் உள்ள போல்ட்-ஆன் ஸ்பேசர் போட வேண்டும். போல்ட்-ஆன் வகை பொதுவாக 20 மி.மீ.யிலிருந்துதான் தொடங்கும். பழைய ஸ்டட்டின் முனை ஸ்பேசர் முகத்தைவிட வெளியே நீட்டக் கூடாது. நீட்டினால் வீல் முழுதாகப் பதியாது.

மாட்டும்போது மரைக்கு கிரீஸ் போடாதீர்கள். வழவழப்பில் அதே டார்க்குக்கு (இறுக்கும் திருப்பு விசை) போல்ட் அதிகம் இழுபட்டுவிடும். ஹப்பின் உதட்டில் மட்டும் ஆன்டி-சீஸ் பேஸ்ட்டை மிக மெல்லியதாகத் தடவலாம். இல்லையென்றால் அலுமினியமும் இரும்பும் ஒட்டிக்கொண்டு, கழற்றுவது பெரும்பாடு. நட்சத்திர வரிசையில் முதலில் பாதி டார்க், காரை இறக்கியபின் முழு டார்க்: போலோவுக்கு 120 நியூட்டன் மீட்டர், மற்ற கார்களுக்கு ஓனர்ஸ் மேனுவலில் உள்ளது. 50 முதல் 100 கி.மீ. ஓடியபின் மறுபடி டார்க் ரெஞ்ச் பிடித்துப் பாருங்கள். போல்ட்-ஆன் வகையில் வீலைக் கழற்றி, உள்ளே ஒளிந்திருக்கும் நட்டுகளையும் சரிபார்க்க வேண்டும். பெரும்பாலோர் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள்.

சட்டப்படி, 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, உற்பத்தியாளர் கொடுத்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. டயர் ஃபெண்டரைத் தாண்டி வெளியே நீட்டினால் போலீஸ் கண்ணில் படுவதும் அதுதான் முதலில். விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ் நிறுவனம் கேள்வி கேட்க இடம் இருக்கிறது என்பதையும் தெரிந்துகொண்டு போடுங்கள்.

கடைசியாக ஸ்டெப்னி. வழியில் பஞ்சர் ஆகி, கடைக்காரர் ஸ்பேசரையும் சேர்த்துக் கழற்றி வைத்துவிட்டு ஸ்டெப்னியை நீள போல்ட்டோடு மாட்டினால், பின்சக்கரத்தில் போல்ட் முனை டிரம்முக்குள் போய் நிற்கும். ஸ்பேசர் இருந்தபடியே மாட்டினாலும், கோன் சீட் போல்ட் ஸ்டெப்னியின் இரும்பு வீலில் சரியாக உட்காராது. அதனால் கம்பெனி போல்ட் ஐந்தை ஒரு பையில் போட்டு ஸ்டெப்னியோடு வையுங்கள். "ஸ்டெப்னிக்கு: ஸ்பேசரைக் கழற்றிவிட்டு இந்த போல்ட்" என்று பையின்மேல் எழுதிவிடுங்கள். அன்றைக்குக் காரை ஓட்டுபவர் நீங்களாக இல்லாமலும் இருக்கலாம்.